யூரேசியா லாரியின் முன்பக்கமும் பின்பக்கமும்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயர் எழுதுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆட்களிடம் பேசக் கூச்சம். தாளில் கொடுப்பதை அப்படியே எழுதிவிடுவேன், அர்த்தம் கேட்டதில்லை.

பழனிசாமியும் அவர் மனைவியின் தம்பி செல்லமுத்துவும் கூட்டாக ஒரு லாரி வாங்கினார்கள். பழனிசாமி சொன்னபடி கேபின் நெற்றியில் ‘யூரேசியா ட்ரான்ஸ்போர்ட்’ என்று எழுதி முடித்தேன். முதல் லோடு ஜவ்வரிசி, சேந்தமங்கலத்தில் காத்திருந்தது.

“அதென்ன பேருங்க மச்சான்?” என்றார் செல்லமுத்து.

“ஐரோப்பாவும் ஆசியாவும் ஒரே நெலம் மாப்ள, நடுவுல கடலே இல்ல. அதனால ரெண்டு பேரையும் ஒட்டி யூரேசியான்னு வெச்சாங்களாம். நம்ம பாப்பா காலேஜுல படிச்சுட்டு வந்து சொல்லுச்சு. நாமளும் அப்படித்தான, ரெண்டு குடும்பம், ஒரே வண்டி.”

“இதுல நான் எதுங்க?”

“நீ ஆசியா.”

“ரெண்டுல எது பெருசுங்க?”

பழனிசாமி யோசிக்காமல், “ஆசியாதான்,” என்று சொல்லிவிட்டார்.

“பெருசு நானு. அப்புறம் ஏனுங்க என்னை வாலுல தொங்க உட்டீங்க?”

“பேரு வெச்சவன் ஐரோப்பாக்காரன் மாப்ள. அவன் பேரை முன்னால போட்டுக்கிட்டான்.”

“நீங்களும் அதேதான பண்ணீருக்கீங்க!”

செல்லமுத்து கேபினில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டார். சாவி அவரிடம். “ஆசியா முன்னால வர்ற வரைக்கும் வண்டி நவுராது. இல்லைன்னா கூட்டே வேண்டாமுங்க.”

“ஆசிரோப்பான்னு எழுதுனா ஊரே சிரிக்கும். எறங்கு சாமி,” என்று கெஞ்சினார் பழனிசாமி. லோடு புரோக்கர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் நான் வாயைத் திறந்தேன். “ஏனுங்க, எதுக்கால வாரவன் நெத்தியை ஒரு நொடிதான் பாப்பானுங்க. பின்னால வாரவன், வண்டி ஊர்ந்து ஏறுற தொப்பூர் மேடு முச்சூடும் பின்கதவைத்தான் படிச்சுட்டு வருவானுங்க.”

கேபின் கதவு கொஞ்சம் திறந்தது. “எத்தனை பெருசா எழுதுவீங்க?”

பின்கதவு முழுக்க ‘ஆசிரோப்பா ட்ரான்ஸ்போர்ட்’ என்று எழுதினேன். லோடு கிளம்பியது. முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனியா என்று போன இடமெல்லாம் கேட்டார்களாம்.

இப்போது இருவரும் இரண்டாவது லாரி வாங்கியிருக்கிறார்கள். இந்த முறை பழனிசாமிக்குப் பின்பக்கம்தான் வேண்டுமாம். செல்லமுத்து விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கூட்டு வண்டி என்றால் கூட்டாளிகள் இருவரையும் நிற்க வைத்துப் பெயரின் அர்த்தத்தைக் கேளுங்கள். சண்டை முடிந்த பிறகு பெயிண்ட் டப்பாவைத் திறங்கள். நான் இன்னும் திறக்கவில்லை.