வசனம் வெட்டிய நாள்

நான் குடியேறிய மில்லிக்கன் என்ற ஊரில் நடந்த ஹொலிவூட் படப்பிடிப்பொன்றில் நான் சாரதி. நீதிபதி, பட்லர் என்று வாழ்நாள் முழுக்கச் சின்ன வேடங்களிலேயே நடித்த ஒரு முதிய ஆங்கிலேயரைத் தினமும் ஏற்றி வருவேன். காரிலும் முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்தே இருப்பார்.

ஒருநாள் அவருடைய ஒரே வசனத்தையும் வெட்டிவிட்டார்கள். உதவி இயக்குநர் வந்து, அவர் இனி ஹோட்டலுக்குப் போகலாம் என்றார்.

“வசனத்தைத்தானே வெட்டினீர்கள், என்னை இல்லையே!”

என்ற முதியவர், தன் பட்லர் வேட உடுப்போடு போய்க் கதாநாயகனுக்குப் பின்னால் நின்றுகொண்டார். இயக்குநர் கத்தினார். அவர் அசையவில்லை. வெளிச்சம் குறையத் தொடங்கவே, வேறு வழியின்றி அப்படியே படமாக்கினார்கள்.

பிறகு வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்தபோது மனைவி கேட்டாள்: “ஹீரோவை விட்டிட்டு, பின்னுக்கு நிக்கிற உந்த மனிசனையே பாத்துக்கொண்டிருக்கிறன். ஆரப்பா உவர்?”

“எங்கட ஆள்” என்று என் வாயில் தானாக வந்தது.