உறை பிரிக்காத நாற்காலி

1. ஆட்டையாம்பட்டியில்

நிவேதாவின் வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது நாற்காலிதான். வெளிநாட்டிலிருந்து வந்த தன்னார்வத் தெரபிஸ்டுகள் முந்தின வருடம் அவளுக்கு அளவெடுத்துக் கொடுத்தது. சாமி படத்துக்குக் கீழே, பாலிதீன் உறையோடு, தலைசாயும் பகுதியில் குங்குமப் பொட்டோடு நின்றது. குழந்தை பாயில் படுத்திருந்தாள்.

நிவேதாவுக்கு எட்டு வயது. மூளை முடக்குவாதம், எங்கள் மையத்துத் தெரபிஸ்டுகள் நாங்கள் சிபி என்போம். படுக்கவைத்து ஊட்டினால் சோறு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அப்படி இறங்கித்தான் அப்போது முடிந்திருந்த மழைக்காலத்தில் இருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடத்தான் அந்த நாற்காலி.

"ஏம்மா சுமதி, இதுல உக்கார வெக்கறதில்லையா?" என்று அவள் அம்மாவைக் கேட்டேன்.

"வெக்கறனுங்க மேடம். நல்லாருக்குதுங்க."

உறைமேல் படிந்திருந்த தறிப் பஞ்சை விரலால் வழித்துக் காட்டினேன். சிரித்தார்.

2. முகாமில்

சில வாரங்களில் அதே குழு எங்கள் மையத்துக்கு மறுபடி வந்தது. நாற்காலிகளைப் பார்ப்பவர் எல்லன் என்ற பெண்மணி. அவருக்கு மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள். காலையிலிருந்து வந்த ஒவ்வொரு தாயும் அதே 'நல்லாருக்குதுங்க'வைத்தான் சொன்னார். நானும் கிளி மாதிரி அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லனும் அதையே எழுதிக்கொண்டார். அதில் பாதி பொய் என்று எனக்குத் தெரியும். வீடுவீடாகப் போய்ப் பார்ப்பது நான்தான்.

மையத்தின் செயலாளர் வேறு காதருகில் வந்து சொன்னார்: "நீங்க பாட்டுக்குக் கொறை சொல்லி வெக்காதீங்க மேடம். ஃப்ளைட் புடிச்சு வந்திருக்காங்க. மனசு நொந்து அடுத்த வருசம் வராம போயிட்டா?"

மதியம் சுமதி வந்தார். நாற்காலி பளபளவென்று இருந்தது. குழந்தை வளர்ந்திருப்பதை எல்லன் பார்த்ததுமே கண்டுபிடித்து, கால் பலகையை இறக்கினார். ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அவர் எங்கிருந்து பார்ப்பது?

"வேறு ஏதாவது சிரமம் உண்டா?" என்று எல்லன் கேட்டார்.

"நல்லாருக்குதுங்க."

அந்த 'நல்லாருக்குதுங்க'வை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.

"சுமதி, தறி மக்கர் பண்ணுனா மெக்கானிக்குகிட்டயும் இதத்தான் சொல்லுவியா?"

"அவனுக்குக் காசு குடுக்கறனுங்க, திட்டறேன். இவங்க அத்தன தூரத்துலருந்து வந்து சும்மா செய்யறாங்க. சும்மா குடுத்ததுல நொட்ட சொல்றதுங்களா?"

"நாளைக்கு அவங்க கெளம்பிருவாங்க. அடுத்த மழைக்கு நிவேதா மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகோணுமா?"

சுமதி மகளைப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகினார்.

"அப்ப எழுதிக்கச் சொல்லுங்க. மொதல்ல உறையக் கழட்டி நாலு நாள் உக்கார வெச்சனுங்க, ஒத்து வரலன்னு திருப்பி மாட்டிட்டேன். தல வெக்கற எடம் ரெக்ஸினு. ஊட்டுக்குள்ள தறி ஓடுது, ஃபேன் போட்டா பஞ்சு பறக்கும். ஃபேன் இல்லாம பத்து நிமிசத்துல பின்னந்தல வேர்த்து நனைஞ்சு கத்தறா. காத்து வர்றது பொறத்தால பொடக்காளியிலதான். அங்க தள்ளிட்டுப் போலாம்னா இத்துனூண்டு சக்கரம் நெலவுப் படில ஏறாது. ஒருத்தியா தூக்க நான் என்ன பயில்வானுங்களா? வெள்ளக் கலர வேற எந்த மகராசன் புடிச்சானோ, ரசம் சிந்துனா போகவே மாட்டேங்குது."

"போதும்மா, போதும்," என்றார் செயலாளர்.

"இருங்க சார், பெல்ட்டுக்கு இன்னும் வரவே இல்ல."

ஒன்று விடாமல் மொழிபெயர்த்தேன். எல்லன் பக்கத்தைத் திருப்பி எழுதினார். முடித்ததும், "காலையிலிருந்து இப்போதுதான் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள்," என்றார். ரெக்ஸினை உரித்துத் துண்டுத் துணி தைத்தார். பின்பக்கம் பெரிய சக்கரம் மாட்டினார். சாயங்காலம் வீட்டுக்கே வந்து, நிலைப்படியில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால், பொடக்காளியில் நிமிர்ந்து உட்கார்ந்து நிவேதா தயிர்சோறு சாப்பிட்டாள். இருமவில்லை.

3. இப்போது

புதிதாகச் சேரும் தெரபிஸ்டுகளுக்கு நான் சொல்வது இதுதான்: 'நல்லாருக்கா?' என்று கேட்காதீர்கள். அதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான். 'இதுல எது உங்களுக்கு எரிச்சல்?' என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் நிவேதா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போன மாதம் எல்லனை மறுபடி அந்த வீட்டுக்கு அழைத்துப் போனேன். சுமதி வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்கம்மா, வாங்க. காப்பி அப்பறந் தாரேன். மொதல்ல இந்தப் பெல்ட்டப் பாருங்க."