தேங்காய்ப்பால் கஞ்சி

அருமனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சபைக் கட்டிடத்தில் சர்க்கார் டாக்டர் பூதக்கண்ணாடி கொண்டுவந்து வைத்த வருஷம், எனக்குக் கல்யாண வயது. முகமெல்லாம் வெளிறிக் கிடந்தேன். மரச்சீனிக்கிழங்கு நட்ட மேட்டு விளையில் நாலு எட்டு ஏறினால் மூச்சு வாங்கும். யாரும் பார்க்காதபோது சுவர் மண்ணைச் சுரண்டித் தின்பேன். பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று எனக்குள்ளேயே பயந்துகொண்டிருந்தேன்.

மலத்தைத் தகர டப்பியில் கொண்டுவரச் சொன்னார்கள். மானம் போகிற காரியம்தான். டப்பியை வாழையிலையில் பொதிந்து, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோனேன். டாக்டர் அதைப் பூதக்கண்ணாடி வழியாக என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். உள்ளே முட்டை முட்டையாகக் கிடந்தது; கொக்கிப்புழுவின் முட்டையாம். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கும்போது புழு தோலைத் துளைத்து ஏறுமாம். குடலில் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்குமாம். பிறந்ததிலிருந்து நான் செருப்பைக் கண்டதில்லை.

மறுநாள் வெறும் வயிற்றில் மருந்து தந்தார்கள், பிறகு பேதிக்கு உப்பு. இன்றைக்கு எண்ணெய், நெய், கள் எதுவும் ஆகாது என்று அம்மாவிடம் அழுத்திச் சொல்லி அனுப்பினார்கள். அம்மா எண்ணெய்க் குப்பியை உறிமேல் ஏற்றி வைத்தாள். பேதியாகி நான் சுருண்டு கிடந்ததைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சூட்டு மருந்தாக்கும். கொடலு வெந்து போவும். இதக் குடி மக்களே" என்று ஒரு முழுத் தேங்காயைத் திருவிப் பால் பிழிந்து, கஞ்சியில் ஊற்றித் தந்தாள். அமிர்தமாக இருந்தது.

சாயங்காலமே வாந்தி. கைகால்கள் இழுத்துக்கொண்டன. கட்டிலோடு தூக்கி டாக்டரிடம் கொண்டுபோனார்கள். என்ன கொடுத்தீர்கள் என்று அவர் அம்மாவிடம் கேட்டார்.

"எண்ணெயக் கண்ணுல காட்டல்ல அய்யா. தேங்காப்பால் கஞ்சி மட்டுந்தான்."

அவர் திருப்பிக் கேட்டார். "எண்ணெய எதுலேருந்தும்மா ஆட்டுறீங்க?"

தேங்காய்ப்பாலிலும் எண்ணெய்தான் இருக்கிறது, அதோடு சேர்ந்தால் மருந்து ரத்தத்தில் ஏறி ஈரலைக் கெடுத்து விஷமாகிவிடும் என்றார். படுத்துக் கிடந்த எனக்கு அது கேட்டது. நோய் கொல்லாத என்னை அம்மாவின் கஞ்சி கொன்றிருக்கும் என்பதை நம்பவே முடியவில்லை. நரம்பில் சுண்ணாம்புச் சத்து ஊசி போட்டார், சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார். இந்த விஷத்துக்கு மாற்று இப்போதுதான் தெரியவந்திருக்கிறது, சில வருஷம் முந்தியென்றால் கைவிட்டிருப்பேன் என்றார். நான் பிழைத்தேன்.

நான் தேறிய பிறகு அம்மாவையும் சோதித்தார்கள். அவளுக்கும் புழு. அவள் மருந்து குடித்த அன்று நான்தான் கஞ்சி வைத்தேன், உப்பு மட்டும் போட்டு. வாங்கியவள் குடிக்கவில்லை. சட்டியை மூக்கருகே பிடித்து முகர்ந்தாள்.

"தேங்கா போட்டியாட்டி?"

"என்னம்மா, என்னையே சந்தேகப்படுகியா?"

"ஒன்னையில்ல மக்களே" என்றாள். "அன்னைக்கு நானும் ஆசையாத்தான் தந்தேன்."