கசெற்றில் எழுதிய பெயர்

அந்தக் கசெற் இன்னும் என் மேசை லாச்சிக்குள்தான் கிடக்கிறது. ஒட்டியிருக்கும் தாளில் நீல மையில் ஒரு பெயர். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதில் இருப்பது மாமாவின் பாட்டு. எழுபதுகளில் என் அம்மாவின் தம்பியும் கூட்டாளிகளும் யாழ்ப்பாணத்தில் கிற்றார் வாசித்துப் பாடியது. வானொலியில் குழுவின் பெயரில் போனபிறகு கலியாணவீடு, கார்னிவல் எங்கும் அதுதான். 'நீ உறங்கு, நான் விழித்திருக்கிறேன்' என்று மெதுவாக வரும். யாரோ காதலிக்கு என்றே ஊர் நினைத்தது. பிறந்து ஒன்பதாம் நாள் இறந்துபோன மகளுக்காக, ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்து மாமா கட்டிய பாட்டு அது. எங்கள் வீட்டாருக்கு மட்டுமே அது தெரியும்.

ஜெர்மனிக்கு வந்த புதிதில் அகதிகள் விடுதியில் ஆளுக்கு ஆள் கசெற் இரவல் கொடுப்போம். திரும்பி வரவேண்டும் என்பதற்காகச் சொந்தக்காரன் தன் பெயரை அதில் எழுதிவைப்பான். பக்கத்து அறைக்காரன் என் கசெற்றை வாங்கிப் பிரதியெடுத்து, வழக்கப்படி தன் பெயரை எழுதினான். அதைப் பிரதியெடுத்தவர்கள் அவன் பெயரையும் சேர்த்தே எழுதிக்கொண்டார்கள். காலப்போக்கில் அவனே பாடகன் ஆகிவிட்டான். கேட்டால் சிரிப்பான், மறுக்கமாட்டான்.

இரண்டு வருடங்களுக்கு முன் இங்கே ஊன்ட்றொப் என்ற ஊர்ப்பக்கம் ஒரு கலியாணம். பிந்தி ஜெர்மனிக்கு வந்துசேர்ந்த மாமாவும் மாமியும் என்னோடு வந்திருந்தார்கள். "எங்கட பாடகர் அண்ணை தன்ர காதலிக்கு எழுதின பாட்டு" என்று அறிவிப்பாளர் சொல்ல, அவன் மேடையேறிப் பொன்னாடையை வாங்கிக்கொண்டான். வெட்கம் கெட்டவன். சோடி சோடியாக எல்லோரும் ஆடினார்கள். மாமி எழும்பி வெளியே போய்விட்டார். மாமா சாப்பாட்டில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

"அவனைச் சும்மா விடமாட்டன் மாமா. கசெற் என்னட்டை இருக்கு" என்றேன் காருக்குள்.

"அதில என்ர பேர் இருக்கோ?"

நான் காரை எடுத்தேன்.

"அவன் தன்ர பேரை எழுதினான். நீ உன்ர பேரை எழுதினாய். முப்பத்தொண்டாம் நாள் சடங்கு வரேல்லயெண்டு பிள்ளைக்குத்தான் நாங்கள் பேர் வைக்கேல்ல. பாட்டிலயாவது தகப்பன்ர பேர் இருந்திருக்கலாம்."

போன தையில் மாமா இறந்தார். அந்தப் பக்கத்து அறைக்காரனும் செத்தவீட்டுக்கு வந்து, அந்தப் பாட்டைப் பாடட்டோ என்று கேட்டான்.

"பாடுங்கோ. ஆர்ர பாட்டு, ஆருக்குக் கட்டினதெண்டு சொல்லிப்போட்டுப் பாடுங்கோ" என்றேன். அவன் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நல்லாய்க் கொடுத்தாய் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை.

இன்று லாச்சியைத் திறந்து என் பெயரை அடித்துவிட்டு, கீழே மாமாவின் பெயரை எழுதினேன். இனி யார் இதை இரவல் கேட்கப்போகிறார்கள்? போட்டுக் கேட்க ஒரு பெட்டிகூட எங்கள் யாரிடமும் இல்லை.