தவமணி அக்கா ஜன்னலை மூடவில்லை

செய்தி எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் வந்தது. நான் பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். காலையில் அச்சகத்தைத் திறக்கப் போன பைண்டர் அண்ணன் பேசினார். அப்பா ரிசீவரை வைத்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "தவமணி போயிருச்சு. குளுருக்கு அடுப்ப மூட்டி வெச்சுட்டு, சன்னலச் சாத்தீட்டுத் தூங்கியிருக்குது." அவர் இன்னும் அச்சகத்துக்குப் போகவில்லை, எதையும் பார்க்கவில்லை. அதற்குள் அந்த வாக்கியம் தயாராகிவிட்டது. போலீஸ்காரர் எழுதிக்கொண்டதும் அதுதான். மறுநாள் செய்தித்தாளில் நான்கு வரியாக வந்ததும் அதுதான்.

ஜெகதளாவுக்குப் பக்கத்து எஸ்டேட்டின் லய வரிசை வீடுகளில் இருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியும். அச்சகத்து முதலாளியின் மகள். வீட்டில் எல்லோரும் தூங்கியபின் வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அப்பா எழுந்து வந்தால் மேலே வைத்து மறைக்கப் பாடப்புத்தகம் பக்கத்திலேயே இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் பயத்தைவிடக் கோபம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது. அதனால்தான் எழுத முடிகிறது.

தேயிலை விலை விழுந்தபோது உங்கள் எஸ்டேட்டைப் பூட்டினார்கள். எங்கள் அச்சகமும் பூட்டவேண்டிய நிலையில்தான் இருந்தது. தேயிலைப் பாக்கெட் லேபிள், ஃபேக்டரி ரசீதுப் புத்தகம், ஏலத்துக்கான பட்டியல் என்று எல்லாமே தேயிலையை நம்பிய வேலை. அப்பா வீட்டை அடமானம் வைத்துக் கோயம்புத்தூரிலிருந்து ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் மெஷினைக் கொண்டுவந்தார். அந்த வாரம்தான் அக்கா வேலை கேட்டு வந்தார். கொழுந்து பறித்துக் கறுத்திருந்த அவர் விரல்களை அப்பா ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கம்ப்யூட்டர் தெரியுமா?"

"தெரியுங்கண்ணே. தோட்டத்தப் பூட்டின பொறவு கத்துக்கிட்டேன். எலையும் ரெண்டு விரல்தான், இதுவும் ரெண்டு விரல்தான்."

அன்றைக்கே வேலையில் சேர்ந்தார். ஆறே மாதத்தில் கம்ப்யூட்டரில் வடிவமைப்பது, மெஷின் ஓட்டுவது, துணி போன்ற அந்தப் பிளாஸ்டிக்கை வெட்டி ஒட்டி வளையம் அடிப்பது எல்லாம் அவர் கையில்தான் இருந்தது.

நன்றாகச் சிரிப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருநாள் ஒரு கட்சிக்காரர் வந்து, அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு திரையைப் பார்த்துச் சங்கடப்பட்டார். "ஏனுங்க, தலைவர விட நான் சின்னதாத்தான் இருக்கோணும். அதுக்குன்னு இத்தன சின்னதாவா?" அக்கா முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "அப்ப தலைவரப் பெரிசாக்கிடலாமுங்க." கட்சிக்காரர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் பஸ் நிறுத்தம் வரை போய், அங்கிருந்து திரும்பி ஓடிவந்தார். நானும் பைண்டர் அண்ணனும் மேஜைக்கடியில் உட்கார்ந்து சிரித்தோம்.

மலையே விற்பனைக்கு வந்த காலம் அது. தோட்டம் விற்பனைக்கு, மனைகள் விற்பனைக்கு, புதிய காட்டேஜ் திறப்பு என்று பேனர் பேனராக அடித்தோம். எஸ்டேட்டுகள் சாகச் சாக எங்கள் பேனர்கள் பெரிதாயின. இரண்டாவதாகப் பத்தடி அகல மெஷின் வந்தது. நாங்கள் வளர்ந்தோம். எனக்குப் புது சைக்கிள், புதுப் பள்ளிக்கூடம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும்.

பேனர் வெட்டிய மிச்சத்தை அக்கா சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போவார். உங்கள் கூரைகளில் மழைக்குப் போட்டிருப்பது அதுதான். ஒருமுறை அவரோடு லயத்துக்கு வந்தபோது பார்த்தேன். ஒரு வீட்டுக்கூரையில் பாதி மாப்பிள்ளை, இன்னொன்றில் ஒரு தலைவரின் காதும் மீசையும். "எங்க லயத்துக்கு மந்திரி வந்ததில்லன்னு யாரு சொன்னா தங்கச்சி? மழைக்காலம் பூரா கூரமேலேதான் படுத்துக் கெடக்காரு" என்றார்.

இப்போது ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த மெஷினின் மைக்கு ஒரு வாடை உண்டு. தின்னர் வாடை. பின்பக்க அறையில்தான் மெஷின். அங்கே ஒரே ஒரு ஜன்னல். அக்கா தினமும் வந்ததும் அதைத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க ஒரு கல்லை இடுக்கில் வைப்பார். ஓடையிலிருந்து எடுத்துவந்த, கைக்கு அடக்கமான வழவழப்பான கல். அப்பா வந்ததும் கல்லை எடுத்துவிட்டு ஜன்னலைச் சாத்துவார். பனி உள்ளே வந்தால் மை காயாது, காயாமல் சுருட்டினால் படம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவர் நகர்ந்ததும் அக்கா திறப்பார். மெஷினுக்குக் குளிரக்கூடாதென்று அப்பா ஒரு கம்பளி வாங்கிப் போர்த்தியிருந்தார். அக்கா ஸ்வெட்டர்கூட இல்லாமல் ஜன்னலோரம் நிற்பார். "நான் இலங்கையில நுவரெலியாவுல பொறந்தவ. ஒங்க குன்னூர்க் குளிரெல்லாம் எனக்கு விசிறி மாதிரி. கம்பளி மெஷினுக்குத்தான் வேணும், பாவம், கோயம்புத்தூருப் புள்ள."

அவரா குளிருக்கு அடுப்பு மூட்டினார்?

கடைசி வேலை எது தெரியுமா? உங்கள் எஸ்டேட்டை மனைகளாகப் பிரித்து விற்கும் பேனர். முப்பதடி. மறுநாள் காலையில் கட்டியாக வேண்டும். திரையில் அந்தப் பச்சைச் சரிவைப் பார்த்ததும் அக்கா விரலை வைத்துக் காட்டினார். "இந்தா, நான் நின்ன நிரை. எத்தன வருசம் பறிச்சேன், இப்ப இதையும் நானே வித்துக் குடுக்கேன்." அன்று அவர் சிரிக்கவில்லை.

அச்சடித்து முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மின்சாரம் போய்விட்டது. ஹீட்டர் இல்லை, வெளியே எதிர்ச்சுவர் தெரியாத பனி. ஈரமான துண்டுகளைப் பின்னறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். அப்பா வீட்டிலிருந்து கரி அடுப்பைக் கொண்டுவரச் சொன்னார். கரி மூட்டையை நான்தான் தூக்கிவந்தேன். அந்த அடுப்பு பேனருக்காக வந்தது. அக்காவுக்காக அல்ல.

"அண்ணே, சன்னல ஒரு சாண் தொறந்து வெக்கட்டுங்களா? பொகை மூட்டம் ஒடம்புக்கு ஆகாதுங்க."

"பனி உள்ள வந்துச்சுன்னா அத்தனையும் பாழு, தவமணி. ஒரு ராத்திரிதான? இங்கயே இருந்து பொறி கிறி தெறிக்காம பார்த்துக்க. கதவையும் சாத்திக்க."

கீழிடுக்கில் காற்று வருகிறதென்று சொல்லி அப்பா, அக்கா லயத்துக்கு எடுத்துப்போகச் சுருட்டி வைத்திருந்த மிச்ச ஃபிளெக்ஸை எடுத்தார். ஜன்னல் முழுவதையும் மூடி ஆணி அடித்தார். ஆணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். உங்கள் கூரையில் மழையைத் தடுக்கவேண்டியது அங்கே காற்றைத் தடுத்தது. அக்கா கல்லை என்னிடம் கொடுத்தார். "இதுக்கு இன்னிக்கு லீவு. வெச்சிரு, காலையில வாங்கிக்கறேன்."

மறுநாள் மத்தியானம் அம்மாவோடு அங்கே போனேன். ஜன்னலில் ஃபிளெக்ஸ் இல்லை. சட்டத்தில் ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. ஜன்னல் கொக்கி போட்டுச் சாத்தியிருந்தது, யாரோ குளிருக்குச் சாத்தியதுபோல. வெளியே சாக்கடையோரம் வளைந்த ஆணிகள் கிடந்தன. மூன்றைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பேனர் அங்கே இல்லை. அது நன்றாகக் காய்ந்திருந்ததாம். பத்து மணிக்கே கட்டிவிட்டார்கள். உங்கள் லயத்துக்குத் திரும்பும் வளைவில் நிற்கிறதே, அதுதான். அதற்குப் பக்கத்திலேயே, எங்கள் நிறுவனத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டு, அக்காவின் படத்தோடு கண்ணீர் அஞ்சலி பேனரையும் அப்பா கட்டியிருக்கிறார். அதை அச்சடித்ததும் அந்த மெஷின்தான்.

அடக்கத்தன்று அக்காவின் அம்மா ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "வீட்டுலகூடக் கதவத் தொறந்து வெச்சுப் படுக்கிறவளாச்சே. கரியடுப்பப் பத்தித் தெரியாதவளா? ஏன்டி மகளே சன்னல மூடுன? ஏன்டி மூடுன?" பக்கத்திலிருந்த ஒருவர், "வேலை நேரத்துல தூங்கினா இப்படித்தான்" என்று முணுமுணுத்தார். எனக்கு வாய்வரை வந்தது. அப்பாவின் கை என் தோளில் இருந்தது.

அன்றிரவு அவர் என்னிடம் கேட்டார்: "ஆணி அடிச்சத யாருகிட்டயாவது சொன்னியா?" இல்லை என்றேன். "சொல்லீராத கண்ணு. கம்பெனிக்குக் கெட்ட பேரு வந்தா பத்துக் குடும்பம் தெருவுக்கு வந்துரும். நம்மளுந்தான். உம்பட படிப்பும் போயிரும்." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். வீட்டு அடமானக் கடன் ரசீதுகளை எடுத்து என் முன்னால் வைத்தார். அதைப் பார்த்தேன். ஆனால் அதற்காக அக்காவின் பெயரை நான் விட்டுக்கொடுக்க முடியாது. பத்துக் குடும்பம் என்றாரே, அக்காவின் அம்மா எந்தக் கணக்கில் வருகிறார்?

அக்காவின் அண்ணன் முத்துவுக்கு ஒரு வேண்டுகோள். பதினாறாம் நாள் நீங்கள் எல்லோரும் கூடும்போது உங்கள் கையில் இதைக் கொடுத்துவிடுவேன். உங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அம்மா, உங்கள் மகள் ஜன்னலை மூடவில்லை. ஒரு சாண் திறக்கட்டுமா என்று கேட்டார். மூடியது என் அப்பா. ஆணி எடுத்துக் கொடுத்தது நான். யார் வந்து கேட்டாலும் இதையே சொல்வேன். மூன்று ஆணிகளையும் இந்தத் தாளுக்குள் மடித்து வைக்கிறேன். ஜன்னல் சட்டத்தில் உள்ள ஓட்டைகளோடு பொருத்திப் பார்க்கலாம்.

கல்லை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். காலையில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் கொடுத்தது. இப்போது என் அறை ஜன்னலின் இடுக்கில் இருக்கிறது. பனி உள்ளே வந்துகொண்டிருக்கிறது, மேஜை முழுக்க ஈரம். இந்தத் தாளும் நனைந்து எழுத்துகள் கொஞ்சம் ஊறியிருக்கின்றன. இருந்தாலும் படிக்க முடியும்.