ருசி போன பிறகும் திறந்திருந்த கடை

கலசப்பாக்கத்திலிருந்து வேலையாக மலை ஏறும்போதெல்லாம் ஜமுனாமரத்தூரில் ஜோசபினின் ஐஸ்கிரீம் கடைக்குப் போகாமல் நான் இறங்கியதில்லை. சந்தைக்குப் போகிற வழியில் ஒற்றை அறைக் கடை. முன்னால் சில நாற்காலிகள். தடுப்புக்குப் பின்னால் பால் அடுப்பு, கடையும் மிஷின், ஃப்ரீசர். ஐஸ்கிரீம் எல்லாம் அங்கேயே தயாராகிறது.

ஜோசபினுக்குச் சொந்த ஊர் கணியம்பாடிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பு வேலூரில் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியில் பால் கலக்கும் வேலை பார்த்தவர். கணவர் ஆரோக்கியநாதன் மின்வாரியத்தில் வயர்மேன். அவருக்கு மலைக்கு மாற்றல் வந்தபோது இவரும் கூடவே வந்தார். கீழேயிருந்து வரும் ஐஸ்கிரீம் மலைப்பாதை வளைவுகளில் இளகி, கடையில் மறுபடி உறைந்து, வாயில் நறநறத்தது. இங்கேயே செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது.

சந்தையில் கூடை கூடையாக வந்த சீத்தாப்பழத்தை வாங்கிப் பாலோடு சேர்த்துக் காய்ச்சினார். கசந்துவிட்டது. அத்தனையையும் கொட்டினார். சூடு பட்டால் அந்தப் பழம் கசக்கும் என்று புரிந்ததும், பாலை மட்டும் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, அதன் பிறகு பழச்சதையைச் சேர்த்தார். அந்த ஐஸ்கிரீமுக்காகவே வண்டியை நிறுத்துகிறவர்கள் வந்தார்கள்.

கொரோனாவின் இரண்டாம் அலையில் ஜோசபின் காய்ச்சலில் விழுந்தார். பிழைத்து எழுந்தபோது வாசனையும் ருசியும் போயிருந்தன. சர்க்கரையை நாக்கில் வைத்தால் மணல்போல இருந்ததாம். கொஞ்ச நாள் கடையை மூடிவிடலாம் என்றார் ஆரோக்கியநாதன். ஜோசபின் கேட்கவில்லை. கை பழகிய வேலைதானே, ருசி பார்க்கக் கணவர் இருக்கிறாரே என்று நம்பினார்.

ஆனால் ஆரோக்கியநாதனோ மனைவி மனம் நோகக்கூடாதென்று எதை வாயில் வைத்தாலும் பிரமாதம் என்றார். ஒருநாள் பால் அடிப்பிடித்த வாசனை ஜோசபினுக்குத் தெரியவில்லை, அன்றும் பிரமாதம்தான். மாலையில் மேசைமேல் பாதி தின்று வைத்துவிட்டுப் போன கப்புகளைப் பார்த்ததும் ஜோசபினுக்கு விளங்கிவிட்டது. கணவரைத் திட்டவில்லை. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதிருக்கிறார்.

ஆவணியில் பழம் வரத் தொடங்கியது. மலைக்குள் ஒரு சிற்றூரிலிருந்து மங்கம்மாள் சந்தைக்குக் கூடை சுமந்து வருவார். தன் கூடைப் பழத்தையே, “இத்த எடுக்காத, உள்ள புழு கீது” என்று விலக்கி வைக்கிற பெண். புதுப் பழத்தில் செய்த ஒரு கப் ஐஸ்கிரீமோடு ஜோசபின் நேராக அவரிடம் போனார்.

“அக்கா, எனுக்கு நாக்குல ருசியே இல்ல. நீதான் துண்ணு பாத்துச் சொல்லணும்.”

“நான் ஐஸ் துண்ணதே இல்ல. நல்லது கெட்டது எனுக்கு இன்னா தெரியும்?”

“பழம் தெரியுமில்ல. பழம் மாதிரி கீதான்னு மட்டும் சொல்லு, போதும்.”

மங்கம்மாள் ஒரு ஸ்பூன் வாயில் போட்டு, குளிரில் முகத்தைச் சுளித்தார். “சக்கரதான் முன்னால நிக்குது. பழம் எங்கியோ தூரத்துல கீது” என்றார்.

யாரும் அதுவரை சொல்லாதது அது. ஜோசபின் சர்க்கரையைக் குறைத்தார். அடுத்த சந்தையன்று, வாசனை போதவில்லை என்றார் மங்கம்மாள். மரத்திலேயே கனிந்த பழமாகப் பொறுக்கி அவரே கொண்டுவந்தார். மூன்றாவது தடவை கப்பை வழித்துத் தின்றார். காய்ச்சலுக்கு முன்பு செய்ததைவிட இதுதான் மேல் என்று பழைய வாடிக்கைக்காரர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஜோசபினுக்குக் காரமும் காபியின் கசப்பும் மெல்லத் திரும்பின. சீத்தாப்பழ வாசனை மட்டும் இன்றுவரை வரவில்லை. மங்கம்மாள் கூடை சுமப்பதை விட்டுவிட்டுக் கடையில் கூட்டாளியாகிவிட்டார். வறுத்த சாமையும் தேனும் சேர்த்த புது ஐஸ்கிரீம் அவருடைய யோசனை.

போன வாரம் போனபோது, நன்றாக இருக்கிறது என்றேன். ஜோசபின் நகரவில்லை. “எல்லாரும் அத்தான் சொல்றாங்க. கொற இன்னான்னு சொல்லுங்க.”

தயங்கினேன். கொஞ்சம் கெட்டியாக உறைந்துவிட்டது என்றேன். மங்கம்மாளைக் கூப்பிட்டார். அவர் வந்து ஒரு ஸ்பூன் தின்று, ஆமாம் என்று தலையசைத்தார். ஜோசபின் முகம் வாடவில்லை. டப்பாவை எடுத்து வெளியே இளகவைத்து, எனக்கு இன்னொரு கப் கொண்டுவந்து, பக்கத்திலேயே நின்றார்.