ருசி பார்த்தவர்

மேலாளர் கரண்டியை நீட்டினார். தராசக்கா கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஒரு சொட்டு. நாக்குல வெச்சுட்டுத் துப்பிடுங்க. நான் பார்க்க மாட்டேன்."

"நீங்க பார்ப்பீங்கன்னா சார் நான் விட்டேன்?"

வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது அவருக்கு. நல்ல மனிதர். கரண்டியிலிருந்த இறைச்சிக் குழம்பு அவர் சட்டைக் கையில் சொட்டியது.

முந்நூறு பேர் வேலை செய்யும் குழாய்த் தொழிற்சாலையின் சமையலறை அது. பாத்திரம் கழுவ வந்த தராசக்கா பதினாறு வருடத்தில் தலைமைச் சமையல்காரி ஆகியிருந்தாள். நாலு வருடத்துக்கு முன் ஒரு மதியம், ஏதோ தோன்றி, மிச்சத் தொட்டியிலிருந்த இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் தராசில் ஏற்றினாள். முப்பத்தொரு கிலோ. அதை வளர்த்த தண்ணீரும் தீவனமும், வேகவைத்த எரிவாயுவும் சேர்ந்தேதான் தொட்டிக்குள் போயிருந்தன. தின்பதற்காக ஓர் உயிரைப் பாடுபடுத்தினால் அது வேறு. தொட்டிக்காகவா? அன்று சாயங்காலமே இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டாள். தோல் செருப்பு தேய்ந்ததும் ரப்பருக்கு மாறினாள். யாருக்கும் புத்தி சொல்லவில்லை.

"பால் டீ குடிக்க நான் தெருமுனைக்கு நடக்கறேன். உன் கொள்கையில இளைச்சது நான்தான்" என்பான் பஸ் ஓட்டும் கணவன்.

"இளைச்சா நல்லதுதானே" என்பாள்.

ருசி பார்க்காமல் சமைக்க ஒரே வழி அளப்பது. லிட்டருக்கு இத்தனை கிராம் உப்பு, கிலோவுக்கு இத்தனை கிராம் மிளகாய். நோட்டுப் புத்தகம் எண்ணெய் குடித்துக் கனத்தது. எத்தனை பேர் எதைத் தொட்டார்கள் என்றும் குறித்தாள். இறைச்சி வாங்குவது பாதியானது. ஓரமாக வைத்த பீன்ஸ் சட்டி இப்போது முதலில் காலியாகிறது. கிண்டலாக வந்த தராசக்கா என்ற பெயர் மரியாதையாக ஒட்டிக்கொண்டது.

சிக்கல் பதிவேட்டில் வந்தது. பரிமாறும் முன் 'ருசி பார்த்தவர்' என்ற கட்டத்தில் தலைமைச் சமையல்காரர் கையெழுத்துப் போட வேண்டும். பொய்க் கையெழுத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை. காய் நறுக்குகிறவள்தான் ருசி பார்த்துப் போட்டுவந்தாள். மேலாளர் கண்டுபிடித்துவிட்டார்.

"சமைக்கறவங்களே வாயில வைக்காததை யார் நம்பறது? இன்னிக்கு ருசி பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா நாளையிலேருந்து நீங்க காய் நறுக்குங்க, அவங்க அடுப்புக்கு வரட்டும்."

"ஐயோ சார், எனக்கு வெந்நீர் வைக்கவே கை நடுங்கும்" என்றாள் காய் நறுக்குகிறவள்.

"அது போகட்டும். நீங்க வேண்டாம்னு விட்டதை ஊருக்குச் சமைச்சுப் போடறது மட்டும் சரியா?" என்றார் மேலாளர்.

அந்தக் கேள்வி தராசக்காவுக்குள்ளும் இருந்தது. முழுப் பதில் கிடைத்ததில்லை. "என் வாயைக் கட்டினேன் சார். அடுத்தவங்க வாய்க்குப் பூட்டுப் போட வரல. ஆனா நான் இங்க நின்னா தொட்டிக்குப் போறது குறையுது." அடுப்பை விட்டு நகராமலே சொன்னாள்: "நல்லாருக்கான்னுதானே தெரியணும்? சாப்பிடறவங்களையே கேளுங்க."

பரிமாறும் சன்னலுக்கு வெளியே வரிசை நின்றிருந்தது. முதலில் நின்ற வெல்டர் கையை உள்ளே விட்டுக் கரண்டியை வாங்கினார். ஊதினார். வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னய்யா, தூங்கிட்டியா?" என்றார் பின்னால் நின்றவர்.

"பெரிய பொறுப்பு. அவசரப்படுத்தாத." பதிவேட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இவன் நாக்கு புகையிலை நாக்கு, செல்லாது" என்று அடுத்தவரும் ருசி பார்த்துப் போட்டார். அப்புறம் நிற்கவில்லை. ஆளுக்கொரு கரண்டி எடுத்துக் கொடுத்துக் காய் நறுக்குகிறவள் களைத்துப்போனாள். கட்டம் நிறைந்தது, ஓரம் நிறைந்தது, கையெழுத்துகள் அடுத்த தேதிக்குள் இறங்கின. கிரேன் ஓட்டுகிறவர் மட்டும் 'உப்பு ஒரு கல் கம்மி' என்று எழுதினார்.

"ஒரு கிராமுக்கு எத்தனை கல்லுன்னு தெரியுமாய்யா உனக்கு?" என்றாள் தராசக்கா.

மேலாளர் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைத் தேதியை எவன்யா கெடுத்தது?" என்றார். பிறகு, "தினம் ஒருத்தர். முறை வெச்சு. ஒருத்தர்தான்" என்றார்.

தராசக்கா அடுப்பைத் தணித்தாள். அவள் நெஞ்சு நிறைந்திருந்தது. மூடியை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

மறுநாள் மீனும் பீன்ஸும். பதினொன்றரைக்குக் லேத் கடைசல் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். ருசி பார்த்தார். மிளகு கொஞ்சம் தூக்கல் என்றார். கையெழுத்துப் போட்டார். மழை பெய்ததால் வரிசை உள்ளே நின்றது. தராசக்கா இருநூற்று எண்பத்தாறு பேருக்குப் பரிமாறிவிட்டு இரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தாள்.